காந்தப்புலத்தில் தொங்கிய பளிங்கு: கே.எஸ்.கிருஷ்ணன் விட்டுச்சென்ற பாடம்

ஒவ்வோராண்டும் பெப்ரவரி 28 ஆம் திகதியை இந்தியா தேசிய விஞ்ஞான தினமாக அனுஷ்டித்து வருகின்றது. 1928 ஆம் ஆண்டு கல்கத்தாவில் நிகழ்ந்த ராமன் விளைவின் கண்டுபிடிப்பே அதற்குக் காரணமாகும். சேர் சி.வி.ராமனின் பெயரை எமது பாடசாலைப் பிள்ளைகளும் அறிவர். ஆனால் அக்கண்டுபிடிப்பின்போது அவரருகே நின்று பரிசோதனைகளைச் செய்த மற்றொரு தமிழரின் பெயர் எம்மில் பலருக்குத் தெரியாது. அவர்தான் கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன். ராமனின் உதவியாளர் என்ற ஒற்றை வரியில் அவரது வாழ்வை முடித்துவிடுவது வழக்கமாகி விட்டது. அவரது தனிப்பெரும் சாதனையோ அந்த வரிக்கு வெளியிலேயே இருக்கின்றது. சேதனப் பளிங்குகளைக் காந்தப்புலத்தில் தொங்கவிட்டு, அவற்றினுள்ளே இலத்திரன்கள் எவ்வாறு அமைந்துள்ளன என்பதை வாசித்தறிந்தவர் அவர். இன்று சேதன மீகடத்திகளை ஆராயும் உலக ஆய்வுகூடங்கள் கையாளும் வழிகளுள் ஒன்று, அவர் அன்று நடந்த வழியின் தொடர்ச்சியே என்பதை நாம் அறிந்துகொள்வது அவசியமாகும்.

கிருஷ்ணன் 1898 டிசெம்பர் 4 ஆம் திகதி தென்தமிழகத்தின் வத்திராயிருப்பு என்னும் ஊரில் பிறந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள அவ்வூர் இன்று விருதுநகர் மாவட்டத்தில் அடங்குகின்றது. அவரது தந்தையார் விவசாயி. தமிழிலும் சமஸ்கிருதத்திலும் புலமை மிக்கவர். வயலும் ஏடும் ஒருங்கே இருந்த அந்த வீட்டிலிருந்துதான் கிருஷ்ணனுக்கு இலக்கியப் பற்றும் வந்தது. அது இறுதிவரை அவரைவிட்டு நீங்கவில்லை. ஊர்ப் பாடசாலையில் ஆரம்பக் கல்வியை முடித்த அவர், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் பின்னர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றார். பௌதிகவியலில் பட்டம் பெற்றபின் இரசாயனவியல் செய்முறைப் போதனையாளராகக் கடமையாற்றினார். அக்காலத்தில் மதிய உணவு வேளையில் மாணவர்களைக் கூட்டி, பௌதிகவியல், இரசாயனவியல், கணிதம் ஆகிய எதிலும் எந்தக் கேள்வியையும் கேட்கலாம் என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். அயற்கல்லூரி மாணவர்களும் அதற்கு வந்து சேர்ந்தனர் என்றால் அவரது கற்பித்தலின் சிறப்பை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

1920களின் முற்பகுதியில் அவர் கல்கத்தாவுக்குச் சென்று, பௌபஜார் வீதியிலிருந்த இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தில் ராமனுடன் இணைந்தார். திரவங்களிலும் வாயுக்களிலும் ஒளி சிதறுவதைப் பற்றிய ஆய்வுகளே அங்கு முதன்மையாக நடைபெற்றன. 1927 இல் ராமனும் கிருஷ்ணனும் பென்சீன் போன்ற திரவங்கள் காந்தப்புலத்தில் ஒளியை எவ்வாறு பாதிக்கின்றன என்று ஆராய்ந்தனர். ஒரு மூலக்கூறு எல்லாத் திசைகளிலும் ஒரேவிதமாக நடந்துகொள்வதில்லை என்ற எண்ணம் அப்போதே கிருஷ்ணனின் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது எனலாம்.

1928 பெப்ரவரியில், சூரிய ஒளியை ஒருமுகப்படுத்தி, நிற வடிகட்டிகளின் ஊடாகச் செலுத்தி, நன்கு தூய்மையாக்கப்பட்ட சுமார் 60 திரவங்களில் ஒளியின் நிறம் மாறிச் சிதறுவதை அவர்கள் கண்டனர். இதனை அறிவித்த முதற் குறிப்பு, இருவரது பெயருடனும் அதே ஆண்டு மார்ச் மாதம் இங்கிலாந்தின் நேச்சர் சஞ்சிகையில் வெளிவந்தது. 1930 ஆம் ஆண்டின் நோபல் பரிசு ராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. ஆய்வின் திசையைப் பல ஆண்டுகளாக வகுத்தவர் ராமன் என்பதில் ஐயமில்லை. அந்த முக்கிய நாட்களில் கண்ணும் கையுமாக நின்றவர் கிருஷ்ணன் என்பதிலும் ஐயமில்லை. அந்நாட்களில் கிருஷ்ணன் எழுதிய நாட்குறிப்பு பிற்கால வரலாற்றாசிரியர்களுக்கு முக்கிய சான்றாக அமைந்தது. யாருக்கு எவ்வளவு பங்கு என்ற விவாதம் பின்னாளில் எழுந்தபோதிலும், கிருஷ்ணன் தமது வாழ்நாளை அதில் செலவிடவில்லை. வேறொரு வாயிலை அவர் திறந்துகொண்டார்.

அந்த வாயில் டாக்காவில் இருந்தது. 1928 இன் இறுதியில் அவர் டாக்காப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறையில் இணைந்தார். இப்பல்கலைக்கழகத்தின் பிறப்பை நாம் இங்கு நினைவுகூர வேண்டும். 1911 இல் வங்கப் பிரிவினை இரத்துச் செய்யப்பட்டதனால் கிழக்கு வங்காளத்து முஸ்லிம்கள் மனமுடைந்திருந்தனர். கல்வியில் பின்தங்கிய தமது பிரதேசத்துக்கு ஓர் உயர்கல்வி நிலையம் வேண்டும் என்று நவாப் சேர் சலிமுல்லா உள்ளிட்ட முஸ்லிம் தலைவர்கள் விடுத்த கோரிக்கையின் பயனாக 1921 இல் தோன்றியதே அப்பல்கலைக்கழகம். அங்கு கர்சன் மண்டபத்தில் இயங்கிய பௌதிகவியல் துறையில், ஐன்ஸ்டீனின் பாராட்டைப் பெற்ற சத்தியேந்திரநாத் போஸ் ஏற்கெனவே பணியாற்றிக் கொண்டிருந்தார். ஒரு சமூகத்தின் கல்வி வேட்கையினால் எழுந்த நிலையத்தில், வங்காளத்து இந்து ஒருவரும் தமிழகத்து வைணவர் ஒருவரும் உலகத் தரமான ஆய்வைச் செய்தனர். கல்விக்கூடம் ஒன்றை யார் கேட்டுப் பெற்றார்கள் என்பதற்கும், அதனால் யார் பயனடைகின்றார்கள் என்பதற்கும் இடையே வேலி இருப்பதில்லை என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் தேவையில்லை.

டாக்காவில் கிருஷ்ணன் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. ஒரு பளிங்கின் காந்த இயல்பு திசைக்குத் திசை மாறுபடுமாயின், அம்மாறுபாட்டை அளந்து, பளிங்கினுள்ளே மூலக்கூறுகள் எப்பக்கம் சாய்ந்து கிடக்கின்றன என்று சொல்ல முடியுமா என்பதே அது. உடுப்புப் பெட்டிக்குள் பூச்சி அண்டாமல் நாம் போட்டு வைக்கும் வெள்ளை உருண்டையின் பொருளான நத்தலீன், அதன் உறவினரான அந்திரசீன் போன்ற சேதனச் சேர்வைகளின் பளிங்குகளை அவர் தெரிவுசெய்தார். இவற்றின் மூலக்கூறுகள் பென்சீன் வளையங்களால் ஆன தட்டையான தகடுகளாகும். அவ்வளையத்தில் சில இலத்திரன்கள் எந்த ஓர் அணுவுக்கும் கட்டுப்படாமல் வளையம் முழுவதும் சுற்றித் திரிகின்றன. தகட்டுக்குச் செங்குத்தாகக் காந்தப்புலம் பாயும்போது அவ்விலத்திரன்கள் வளையத்தைச் சுற்றியோடிப் புலத்தை எதிர்க்கின்றன. தகட்டின் வழியே புலம் பாயும்போது அந்த எதிர்ப்பு மிகவும் குறைந்துவிடுகின்றது.

இதனை அளப்பதற்கு அவர் கையாண்ட முறையின் நேர்த்தி இன்றும் வியக்கத்தக்கது. மெல்லிய குவார்ட்ஸ் இழையொன்றின் நுனியில் சிறு பளிங்கைக் கட்டி, மின்காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே சீரான புலத்தில் தொங்கவிட்டார். பளிங்கு தனக்கு உகந்த திசையிலே திரும்பி நின்றது. அதனை மெல்ல அசைத்துவிட்டால் ஊஞ்சல்போல் இருபுறமும் ஆடியது. புலம் இருக்கும்போதும் இல்லாதபோதும் அந்த ஆட்டத்துக்கு எடுக்கும் நேரத்தை ஒப்பிட்டுத் திசைவேறுபாட்டின் அளவை அவர் கணித்தார். பின்னர் இம்முறை மேலும் செம்மையாக்கப்பட்டது. இழையின் மேல்நுனியைச் சிறிது சிறிதாக முறுக்கினால் பளிங்கு தன் நிலையைவிட்டு நகர மறுத்துக்கொண்டே வரும். ஓர் எல்லையில் திடீரெனப் புரண்டுவிடும். அந்த எல்லைக் கோணத்தை வாசித்தாலே போதும், பளிங்கின் காந்த இரகசியம் எண்ணாக வெளிப்பட்டுவிடும்.

டாக்காவில் இளம் ஆய்வாளர்களான குகா, பானர்ஜி ஆகியோருடன் செய்த இப்பணியின் முடிவுகளை 1933 இல் லண்டன் றோயல் சொசைட்டி வெளியிட்டது. அதே ஆண்டில் கிருஷ்ணன் மகேந்திரலால் சர்க்கார் பேராசிரியராகக் கல்கத்தாக் கழகத்துக்குத் திரும்பினார். பென்சீன் வளையம் தட்டையானது என்பதை எக்ஸ் கதிர்களின் துணையுடன் 1929 இல் நிரூபித்த ஆங்கிலேய விஞ்ஞானி கத்லீன் லொன்ஸ்டேல் அம்மையாருடன் இணைந்து 1936 இல் அவர் எழுதிய கட்டுரை, காந்த அளவீட்டையும் மூலக்கூறின் அமைப்பையும் ஒன்றிணைத்தது. எக்ஸ் கதிர்கள் அணுக்களின் இருப்பிடத்தைக் காட்டின. காந்தமோ இலத்திரன்களின் நடமாட்டத்தைக் காட்டியது.

அடுத்து அவர் காரீயத்தின்பால் கவனத்தைத் திருப்பினார். பென்சிற்கரி என்று எமது பாடநூல்கள் கூறும் இப்பொருள் இலங்கைக்குப் புதியதன்று. போகல, ககட்டகஹ சுரங்கங்களின் காரீயம் அதன் தூய்மைக்காக உலகெங்கும் அறியப்பட்டது. தேன்கூடுபோன்ற காபன் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டதே காரீயம். தகட்டுக்குச் செங்குத்தான திசையில் அது காந்தப்புலத்தை எதிர்க்கும் வலிமை, தகட்டின் வழியேயான வலிமையைவிட ஏறத்தாழ 40 மடங்கு பெரியது. கிருஷ்ணனும் அவரது சகாவான கங்குலியும் இதனை விளக்க முற்பட்டபோது, காரீயத்தின் இலத்திரன்கள் தகட்டின் தளத்துக்குள்ளே சுயேச்சையாக ஓடும் ஒருவகை வாயுவைப் போன்று நடந்துகொள்கின்றன என்ற முடிவுக்கு வந்தனர். அதுபற்றிய அவர்களது விரிவான கட்டுரை 1941 இல் வெளிவந்தது. ஒற்றைக் காபன் தகடான கிரபீனைப் பிரித்தெடுத்து ஆராய்ந்ததற்காக 2010 இல் இருவர் நோபல் பரிசு பெற்றனர். ஒரு தளத்துக்குள் ஓடும் இலத்திரன்களைப் பற்றிய சிந்தனைக்கு ஏழு தசாப்தங்களுக்கு முன்னரே கல்கத்தாவில் வித்திடப்பட்டிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

1937 இல் ரதர்போர்ட் பிரபு, சேர் வில்லியம் பிராக் ஆகியோரின் அழைப்பின் பேரில் கிருஷ்ணன் ஐரோப்பா சென்று விரிவுரையாற்றினார். கேம்பிரிட்ஜில் அவரைச் சந்தித்தவர்களுள் டேவிட் ஷோன்பேர்க் என்ற இளம் ஆய்வாளரும் ஒருவர். 1930 இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் டி ஹாஸ், வான் அல்பன் ஆகிய இருவரும் ஒரு விந்தையைக் கண்டிருந்தனர். மிகக் குளிரூட்டப்பட்ட பிஸ்மத் உலோகத்தில், காந்தப்புலத்தைக் கூட்டிக்கொண்டே போகும்போது அதன் காந்த இயல்பு அலைபோல் ஏறி இறங்கியது. இதனை இலகுவாக அளக்கும் வழியைத் தேடிக்கொண்டிருந்த ஷோன்பேர்க்குக்கு, பளிங்கை இழையில் தொங்கவிட்டு முறுக்கத்தை அளக்கும் கிருஷ்ணனின் முறை வழிகாட்டியது. அதனைக் கைக்கொண்டு அவர் செய்த அளவீடுகள் அத்துறையையே முன்னகர்த்தின.

அந்த ஏற்ற இறக்கம் எதனைச் சொல்கின்றது? வன்னி மண்ணில் வாழும் எமக்கு இதனைக் குளத்தைக் கொண்டு விளக்குவது இலகு. இரணைமடுக் குளத்தில் நீர் நிறையும்போது, நீரின் எல்லைக்கோடு நிலத்தின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப வளைந்து செல்கின்றது. காற்று வீசும்போது அலைவது மேற்பரப்பு நீரே. அடியிலுள்ள நீர் அசைவதில்லை. உலோகம் ஒன்றில் இலத்திரன்களும் அவ்வாறே சக்திப்படிகளை அடியிலிருந்து நிரப்பி ஒரு மட்டத்தில் நிற்கின்றன. அந்த மட்டத்தின் எல்லையைப் பேர்மி மேற்பரப்பு என்பர். மின்னைக் கடத்துவதும், மீகடத்தியாக மாறுவதும் அந்த மேற்பரப்பிலுள்ள இலத்திரன்களின் செயலே. காந்தப்புலத்தில் காணப்படும் ஏற்ற இறக்கங்களின் இடைவெளியை அளந்தால் அம்மேற்பரப்பின் குறுக்குவெட்டுப் பரப்பைக் கணித்துவிடலாம் என்பதை 1952 இல் ஒன்சாகர் எடுத்துக்காட்டினார். பளிங்கைச் சிறிது சிறிதாகத் திருப்பி மீண்டும் மீண்டும் அளந்தால், கண்ணுக்குத் தெரியாத அந்த மேற்பரப்பின் முழு வடிவமும் தெரியவரும்.

இலத்திரன்கள் எவ்விதத் தடையுமின்றி ஓடும் மீகடத்தல் நிலை 1911 இல் பாதரசத்தில், மறை 269 பாகை செல்சியஸ் அளவிலான குளிரிற் கண்டுபிடிக்கப்பட்டது. நெடுங்காலமாக அது உலோகங்களுக்கே உரியதென்று கருதப்பட்டது. காபன், ஐதரசன் போன்றவற்றாலான சேதனச் சேர்வைகள் மின்னைத் தடுப்பவை என்பதே பொது அறிவு. 1980 இல் டென்மார்க்கின் கிளாவுஸ் பெக்கார்ட் தயாரித்த சேதன உப்பு ஒன்றை, பிரான்சின் டெனி ஜெரோம் குழுவினர் சுமார் 12,000 வளிமண்டல அழுத்தத்திற்கும் கடுங்குளிருக்கும் உட்படுத்தியபோது அது மீகடத்தியாகியது. அதன்பின், சாதாரண அழுத்தத்திலேயே மீகடத்தும் சேதன உப்புகள் பல கண்டுபிடிக்கப்பட்டன. இவை தட்டையான மூலக்கூறுகள் அடுக்கடுக்காக அமைந்த பளிங்குகள். கிருஷ்ணனின் நத்தலீனையும் காரீயத்தையும் போலவே திசைக்குத் திசை வேறுபட்ட இயல்புள்ளவை. 1988 முதல் இவற்றின் பேர்மி மேற்பரப்பைக் காந்தப்புலத்தைக் கொண்டு ஆய்வாளர்கள் வரையத் தொடங்கினர். வலிமையான புலத்தில் சிறு பளிங்கை வைத்துத் திருப்புவதும், அதன் முறுக்கத்தையும் மின்தடையையும் கோணத்துக்குக் கோணம் அளப்பதுமே இன்றைய வழிமுறை. குவார்ட்ஸ் இழைக்குப் பதிலாக நுண்ணிய நெம்பு வந்திருக்கின்றது. புலத்தின் வலிமை பன்மடங்காகியிருக்கின்றது. அடிப்படை எண்ணம் மாறவில்லை.

கிருஷ்ணன் 1940 இல் றோயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தெரிவானார். 1942 இல் அலகாபாத் பல்கலைக்கழகத்தின் பேராசிரியராகி, உலோகங்களின் மின்தடை பற்றி ஆராய்ந்தார். 1946 இல் சேர் பட்டம் கிடைத்தது. 1947 இல், சுதந்திர இந்தியாவின் விடிவேளையில், புதுடில்லியில் உருவான தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் முதலாவது பணிப்பாளராக அவர் நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு அமைக்கப்பட்ட அணுசக்தி ஆணைக்குழுவில் ஹோமி பாபா, சாந்தி ஸ்வரூப் பட்நாகர் ஆகியோருடன் உறுப்பினரானார். 1954 இல் பத்மபூஷண் விருதும், 1958 இல் முதன்முதலாக வழங்கப்பட்ட பட்நாகர் பரிசும் அவரை வந்தடைந்தன.

இங்கு நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. இழையையும் பளிங்கையும் கொண்டு உலகை வியக்கவைத்த அதே மனிதர், அதிகாரம் கைக்கு வந்ததும் சிக்கனத்தைப் புகழ்ந்துகொண்டு இருந்துவிடவில்லை. தமது ஆய்வுகூடத்தில் தாழ்வெப்பநிலை ஆய்வுக்கான வசதிகளை ஏற்படுத்த முனைந்தார். முன்னர் கேம்பிரிட்ஜில் சந்தித்த ஷோன்பேர்க், யுனெஸ்கோவின் ஆலோசகராக 1953 இல் அங்கு வந்து பணியாற்றினார். கருவியின்றி இளைஞர்கள் நெடுந்தூரம் போக முடியாது என்பதை கிருஷ்ணன் நன்குணர்ந்திருந்தார். 1961 யூன் மாதத்தில், 62 ஆவது வயதில் காலமாகும்வரை அவர் அப்பதவியிலேயே இருந்தார். சேதனப் பொருளொன்று மீகடத்தியாவதைக் காண அவர் உயிரோடிருக்கவில்லை.

அவரது வாழ்வை எமது பிரதேசத்தோடு பொருத்திப் பார்ப்பது தகும். 2009 மே வரை நீடித்த போரில் வன்னியின் பாடசாலைகள் இடம்விட்டு இடம் பெயர்ந்தன. ஆய்வுகூடங்கள் அழிந்தன. 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களின் பிள்ளைகள் அகதி வாழ்வின் நடுவே கல்வியைத் தொடர நேர்ந்தது. அதன்பின் கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகியது. இவை நம்பிக்கையூட்டும் மாற்றங்களே. எனினும் அவ்வாயிலுக்குள் நுழைவதற்கு முன் பிள்ளை கடக்கவேண்டியது தனது ஊர்ப் பாடசாலையின் செய்முறை அறையை. காந்தத்தைக் கையிலெடுத்துப் பார்க்காமலே காந்தவியலை மனனம் செய்து பரீட்சை எழுதும் நிலை நீடிக்குமாயின், பல்கலைக்கழகம் அருகில் இருந்தும் அது தூரத்திலேயே இருக்கும்.

கிருஷ்ணனின் கதையை இருவிதமாகப் பிழையாகப் பயன்படுத்தலாம். குறைந்த வசதியிலும் சாதித்தாரே, எனவே வசதி தேவையில்லை என்று அதிகாரிகள் கூறலாம். வசதியில்லை, எனவே எதையும் செய்ய முடியாது என்று நாம் சோர்ந்துவிடலாம். இரண்டும் தவறு. அவரிடம் நல்ல மின்காந்தம் இருந்தது. நூலகம் இருந்தது. கூடியுழைக்கும் மாணவர்கள் இருந்தனர். மதிய வேளையைத் தியாகம் செய்து கேள்விகளுக்குப் பதில்கூறும் ஆசிரியராக அவரே இருந்தார். இவை ஆடம்பரங்களல்ல. ஒரு மாவட்டத்தின் பெரிய பாடசாலைகள் ஒவ்வொன்றிலும் இருக்க வேண்டியவை. கல்வித் திணைக்களத்திடம் இதனைக் கோருவது எமது உரிமை. பழைய மாணவர் சங்கங்களும், கோயில், பள்ளிவாசல், தேவாலய பரிபாலன சபைகளும், புலம்பெயர்ந்த உறவுகளும் மண்டபங்களுக்கும் வளைவுகளுக்கும் அளிக்கும் முன்னுரிமையில் ஒரு பங்கைச் செய்முறை அறைகளுக்கு அளிப்பது எமது கடமை.

ஒளியைப் பரிசோதனையால் ஆராய வேண்டும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கெய்ரோவிலிருந்து எழுதிய இப்னு அல்-ஹைதமும், டாக்காவில் பளிங்கைத் தொங்கவிட்ட கிருஷ்ணனும் ஒரே பரம்பரையைச் சேர்ந்தவர்கள். அந்தப் பரம்பரைக்கு இனமோ மதமோ எல்லையாவதில்லை. தமிழ்மொழியில் விஞ்ஞானம் பயிலும் தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் இருசாராருக்கும் அதில் சம உரிமையுண்டு. முல்லைத்தீவின் ஏதோவொரு வகுப்பறையில், காந்தத்தின் அருகே ஊசி ஏன் திரும்புகின்றது என்று ஒரு பிள்ளை கேட்கும்போது, அதைத் தொட்டுப் பார்த்து அறியும் வாய்ப்பை நாம் ஏற்படுத்திக் கொடுப்போமாயின், அதுவே கே.எஸ்.கிருஷ்ணனுக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதையாகும்.